பதினொரு தொட்டிகள்

டூகல் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தான்.
ஸ்டான்லியில் அது மரியாதை இல்லை, காற்று.
கைபேசியில் ஒரு படம் காட்டினான்:
சன்னல் விளிம்பு, பதினொரு தொட்டி,
பதினொரு சதைச்செடி.
"இவை எல்லாம் கேக்கின் மேல் வேண்டும்.
இதே வரிசையில்."

அசல் எங்கே என்று கேட்டேன்.
"ஊற்றினேன்" என்றான்.
"வாடுமோ என்று ஊற்றினேன்.
ஐல்சாவிடமிருந்து செய்தி வராத நாட்களில்
கூடுதலாய் ஒரு குவளை."

அண்டார்டிகத் தளமொன்றில் வானொலிக்காரி அவள்.
போய்ப் பதினான்கு மாதம்.
வெள்ளிக்கிழமை கப்பல்.
எனக்கு ஐந்து ராத்திரி.

சீனியைச் சலித்தேன்.
முட்டை வெள்ளை, கொஞ்சம் கொழுப்பு, சிட்டிகை பிசின் தூள்.
காது மடலின் பதம் வரும்வரை பிசைந்தேன்
(சந்தேகம் வரும்போதெல்லாம் என் காதையே தொட்டுப் பார்ப்பேன்,
கம்மலில் எப்போதும் மாவு).

பச்சை ஒரே நிறம் என்று நினைப்பவர்கள்
பதினொரு கிண்ணம் கலந்து பார்க்கட்டும்.
இரண்டாவது தொட்டி மழைக்கு முந்தைய கடல்.
ஆறாவது, பழைய மருந்துப் புட்டி.
ஒன்பதாவது என்ன பச்சை என்று
இன்றுவரை எனக்குப் பெயர் தெரியாது.

ரோஜா அடுக்குக்கு நடுவில் ஒரு அரிசி மொட்டு,
சுற்றி மூன்று இலை, அப்புறம் ஐந்து, அப்புறம் எட்டு.
ஒவ்வொரு நுனியையும் நகத்தால் கிள்ளி,
விளிம்பில் தூரிகையால் செந்தூள்:
சளி பிடித்த மூக்குச் சிவப்பு, அவ்வளவுதான், அதற்கு மேல் கூடாது.
அசல் செடி தன் மேல் தானே பூசிக்கொள்ளும் வெள்ளைப் படலத்துக்கு
ஐசிங் சீனியை உள்ளங்கையில் வைத்து ஊதினேன்.

கள்ளிக்கு முட்கள் இருநூற்றுப் பதினாறு.
ஊசிமுனைக் குழாயால் தொடு, இழு, விடு.
நூற்று நாற்பதில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.
அந்த ஒரு முள் கோணல்.
கண்டுபிடிப்பவர்க்கு இனாம்.

மூன்றாம் ராத்திரி டீக்குக் கெண்டி வைத்தேன்,
வைத்ததை மறந்தேன்.
அடுப்படி முழுக்க ஆவி.
நான்காம் தொட்டியின் முத்துச்சரம்
மெதுவாய், அவமானப்பட்டதுபோல்,
தலை தொங்கிச் சரிந்தது.
அதுவரை மனதுக்குள்
டூகலை நன்றாகவே திட்டிக்கொண்டிருந்தேன்.
அதோடு நிறுத்தினேன்.

மறுபடி உருட்டினேன், தொண்ணூறு முத்து.

படத்தைப் பெரிதாக்கியபோது
ஏழாவதில் ஓர் இலை பாதி உடைந்து,
உடைந்த இடம் தழும்பாய் ஆறியிருந்தது.
அழகுக்காக விட்டுவிடலாம்.
விடவில்லை.
இலையைச் செய்து, உடைத்து,
காயத்துக்குக் காப்பிப்பொடி தடவினேன்.

பிஸ்கட்டை இடித்து மண் பரப்பினேன்.
வெள்ளியன்று கேக்கை மடியில் வைத்து,
வண்டியை டூகல் ஓட்ட,
காற்று கதவை ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்டது.

ஐல்சா பூட்ஸ் கூடக் கழற்றவில்லை.
முகம் பனியில் கருத்து,
கண்ணாடி மறைத்த இடம் மட்டும் வெளுத்து.
சன்னலைப் பார்த்தாள்: வெறும் விளிம்பு,
பதினொரு வட்டக் கறை.
மேசையைப் பார்த்தாள்.
டூகல் கெண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான்,
குற்றத்தின் ஆயுதத்தோடு நிற்பவன்போல.

அவள் ஒன்றும் கேட்கவில்லை.
ஏழாவதின் உடைந்த இலையை வெகுநேரம் பார்த்தாள்.
பிறகு, பழக்கம் விடுமா,
சுட்டுவிரலை முதல் தொட்டியின் மண்ணில்
கணு அளவு நுழைத்து
வெளியே எடுத்தாள்.

"காய்ந்திருக்கிறது" என்றாள்.
"நல்லது."

விரலை நக்கினாள்.
அப்புறம்தான் சிரித்தாளா, அழுதாளா,
நான் பார்க்கவில்லை.
பெட்டியின் மூடியை மடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பணம் அடுத்த வாரம் வந்தது, கோணல் முள்ளுக்கு
இரண்டு பவுண்டு குறைத்து.
கண்டுபிடித்தது யார் என்று எழுதவில்லை.

இன்று ஆறு வயதுக்காரனுக்கு ஒரு டிராக்டர்.
சிவப்பு.
ஒரே சிவப்பு.